தாது வருடப் பஞ்சமும் கொடைக்கானல் சூரியனும்

மலையகத் தமிழரின் குடியேற்ற வரலாற்றையும் தென்னிந்தியாவில் சூரிய ஆய்வு வளர்ந்த வரலாற்றையும் சேர்த்துப் பேசுவது வழக்கமில்லை. முன்னது சமூக வரலாற்றாசிரியரின் களம், பின்னது வானியலாளருடையது. ஆனால் இரண்டின் வேரையும் தேடிப் போனால் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறோம். அது 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சம். அந்தப் பஞ்சம் எண்ணற்ற குடும்பங்களை இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்குத் துரத்தியது. மழை ஏன் பொய்த்தது என்ற கேள்வியையும் அதே பஞ்சந்தான் ஆட்சியாளர் முன் வைத்தது. அக்கேள்விக்கு விடை தேடிய முயற்சியின் முடிவில் பழனி மலையில் எழுந்ததே கொடைக்கானல் சூரிய அவதான நிலையம். வெலிமடையிலும் பண்டாரவளையிலும் பதுளையிலும் வாழும் தோட்ட மக்களுக்கு அந்நிலையத்தின் கதை அயலாருடைய கதையாக இருக்க முடியாது.

அங்கே நாள்தோறும் சேர்த்த பதிவு, எந்தக் கேள்விக்காகத் தொடங்கப்பட்டதோ அதற்கு எதிர்பார்த்த விடையைத் தரவில்லை. நூறு ஆண்டுகள் கழித்து, தொடங்கியவர்கள் நினைத்துப் பார்த்திராத வேறு கேள்விகளுக்கு அது விடை தருகிறது. சூரியனையும் விண்மீன்களையும் பற்றிய இன்றைய ஆய்வில் அப்பதிவுக்கு உள்ள இடத்தை அதன் பிறப்பிலிருந்து தொடர்ந்து காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பஞ்சமும் சூரியப் புள்ளியும்

1876இல் பருவமழை பொய்த்தது. 1877இலும் வெகுநாள் ஏமாற்றியது. பஞ்சத்திலும் அதைத் தொடர்ந்த காய்ச்சலிலும் அரைக் கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உயிர் பிழைத்தவர்களில் ஒரு பகுதியினர் கங்காணிமாரின் பின்னால் கடல் கடந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுப் பாதையில் நடந்த அந்தப் பயணத்தில் வழியிலேயே விழுந்தவர்கள் பலர். மலையேறியவர்களுக்கும் நிலைத்த பிழைப்பு இருக்கவில்லை. 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்துக்கொண்டிருந்தது. பின்னர் தேயிலை வந்தது. ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டியிருந்ததால் பருவத்துக்கு வந்து போன குடும்பங்கள் லயங்களில் நிலையாகத் தங்கின.

அதே 1877இல் இலண்டனில் ஒரு கட்டுரை வெளியானது. எழுதியவர்கள் இருவர். ஒருவர் சூரிய நிறமாலை ஆய்வில் புகழ்பெற்ற நோர்மன் லொக்கியர், மற்றவர் இந்திய அரசின் புள்ளிவிபரப் பணிப்பாளர் நாயகம் வில்லியம் ஹண்டர். சூரியப் புள்ளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறைவதை 1843இல் ஜேர்மனியரான சுவாபே வெளியிட்டிருந்தார். இந்து சமுத்திரச் சூறாவளிகளுக்கும் அந்தச் சுழற்சிக்கும் தொடர்பு உண்டென்று மொரீசியசில் மெல்ட்ரம் 1872இல் எழுதினார். ஹண்டர் சென்னையின் பழைய மழைக் கணக்கை எடுத்துப் புள்ளிகளின் கணக்குடன் ஒப்பிட்டார். புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் மழை குறைகிறது, பஞ்சம் அப்போதுதான் வருகிறது என்பது அவர்களின் முடிவு. 1878 சூரியப் புள்ளிகள் மிகக் குறைந்த ஆண்டு. ஆகவே அவர்கள் கூற்று கண்ணெதிரே நிரூபணமானது போலத் தோன்றியது.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் ஹென்றி பிளான்போர்ட் எச்சரிக்கையாகவே இருந்தார். இமயத்தின் பனிக்கும் பருவமழைக்கும் உள்ள தொடர்பை 1884இல் அவர் முன்வைத்தார். பஞ்சத்துக்குக் காரணம் வானத்தில் மட்டும் இருக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மக்கள் பசியால் செத்துக்கொண்டிருந்த மாகாணத்தின் துறைமுகத்திலிருந்து தானியம் கப்பலேறியது. கூலி வேலை முகாம்களில் கொடுத்த படியோ உடலைத் தாங்கப் போதவில்லை. சூரியனைக் குற்றஞ்சாட்டுவது ஆட்சியாளருக்கு வசதியாக இருந்தது என்பதே என் கணிப்பு. ஆயினும் அந்த வசதியின் விளைவாகத்தான் சூரியனை நாள்தோறும் படமெடுக்க அரசு பணம் ஒதுக்கியது. முதலில் 1878இல் டெஹ்ராடூனில் அந்த வேலை தொடங்கியது. அதற்கெனவே ஒரு நிலையம் மலைமேல் வேண்டும் என்ற எண்ணம் அதன்பின் வலுத்தது.

நுங்கம்பாக்கத்திலிருந்து மலைக்கு

கொடைக்கானலுக்குத் தாய்வீடு சென்னை அவதான நிலையம். வில்லியம் பெற்றி என்பவர் 1786இல் எழும்பூரில் சொந்தச் செலவில் வைத்திருந்த கருவிகளைக் கிழக்கிந்தியக் கம்பனி பொறுப்பேற்று 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பியது. கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் அங்கே நிற்கிறது, அதில் தமிழ்க் கல்வெட்டும் உண்டு. அந்நிலையத்தில் தெய்லர் தொகுத்து 1844இல் வெளியான பட்டியலில் 11,000க்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடங்கள் குறிக்கப்பட்டிருந்தன. 1861இல் பொறுப்பேற்ற நோர்மன் பொக்சன் ஏற்கெனவே பெயர்பெற்றவர். விண்மீன்களின் ஒளித்தரத்தில் ஒரு படி என்பது 2.512 மடங்கு என்று 1856இல் அவர் வகுத்த அளவுகோலைத்தான் இன்றைய விண்வெளித் தொலைகாட்டிகளும் பின்பற்றுகின்றன.

பொக்சனின் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. ஆர் ரெற்றிகுலி எனப்படும் விண்மீனின் ஒளி மாறுவதை 1867இல் அவர் கண்டார். 1872இல் பிரித்தானிய அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானார். அந்தப் பெருமையைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. 1874இல் வெள்ளி சூரியனைக் கடக்கும் நிகழ்வைப் பொதுமக்களுக்கு விளக்க அவர் எழுதிய சிறு நூல் பல மொழிகளில் வெளிவந்தது. பஞ்சாங்கக் கணிப்பைத் திருத்த வேண்டுமென்று வாதாடியவரும் அவர்தான்.

இக்காலத்தில் இரண்டு முழுச் சூரிய கிரகணங்கள் தென்னிந்தியாவை ஆய்வுக் களமாக்கின. 1868 ஆகஸ்ட் 18இல் குண்டூரில் நின்ற பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென், சூரிய விளிம்பில் எழும் தீக்கொழுந்துகள் ஐதரசன் வாயுவின் நிறக்கோடுகளைக் காட்டுவதைக் கண்டார். கிரகணம் இல்லாத மறுநாளும் அதே கோடுகளை அவரால் பார்க்க முடிந்தது. அந்தக் கிரகணத்தில் தெரிந்த மஞ்சள் கோடு எந்த அறிந்த தனிமத்துக்கும் பொருந்தவில்லை. அதுவே பின்னர் ஈலியம் என்று பெயர் பெற்றது. 1895இல் ராம்சே ஆய்வுகூடத்தில் அதைப் பிரித்தெடுக்கும் வரை ஈலியம் சூரியனில் மட்டுமே அறியப்பட்ட தனிமமாக இருந்தது. 1871 டிசம்பர் 12 கிரகணத்தின் நிழல் நீலகிரி, புதுக்கோட்டை வழியாக வந்து யாழ்ப்பாணத்தையும் திருகோணமலையையும் கடந்தது. இவ்விரு ஊர்களிலும் பிரித்தானியக் குழுக்கள் முகாமிட்டிருந்தன.

பொக்சன் 1891இல் இறந்தபோது மலைமேல் நிலையம் வேண்டும் என்ற திட்டம் முன்னேறிவிட்டது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் பௌதிகவியல் பேராசிரியர் மிக்கி ஸ்மித் பழனி மலையையும் நீலகிரியையும் ஆராய்ந்திருந்தார். கடல் மட்டத்திலிருந்து 2,343 மீற்றர் உயரமான கொடைக்கானல் குன்று தெரிவாகியது. 1895இல் ஆளுநர் வென்லொக் அடிக்கல் நாட்டினார். 1899இல் நிலையம் சென்னையிலிருந்து மலைக்கு மாறியது. நிர்வாகம் வானிலைத் துறையின் கீழேயே வைக்கப்பட்டது. பஞ்சத்தின் கேள்வி அந்த நிர்வாக ஏற்பாட்டிலும் ஒட்டிக்கொண்டிருந்தது.

கல்சியக் கோடு

1904 முதல் சூரிய வட்டம் முழுவதும் ஒவ்வொரு தெளிந்த காலையும் கண்ணாடித் தட்டில் பதிவாகியது. அதே காலத்தில் இன்னொரு கருவியும் இயங்கத் தொடங்கியது. அது சூரிய ஒளியைப் பிரித்து, ஊதா நிறத்தில் 393.4 நனோமீற்றர் அலைநீளத்தில் உள்ள கல்சியத்தின் கோட்டில் மட்டும் படமெடுத்தது. கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்புக்குச் சற்று மேலுள்ள நிறமண்டலத்தை இந்தக் கோடு காட்டும். காந்தப்புலம் வலுவாக உள்ள இடங்கள் அதில் வெண்திட்டுகளாகத் தெரியும். எடுத்தவர்களுக்கு அப்போது இந்தக் காந்தத் தொடர்பு தெரியாது. சூரியப் புள்ளியில் காந்தப்புலம் இருப்பதை அமெரிக்காவின் ஹேல் 1908இல்தான் கண்டறிந்தார். 1912 முதல் ஐதரசன் கோட்டிலும் படங்கள் எடுக்கப்பட்டன.

1907இல் கொடைக்கானலுக்கு வந்தவர் ஜோன் எவர்ஷெட். புள்ளிகளில் வாயு சுழல்காற்றாகச் சுற்றும் என்பது ஹேல் கூட்டத்தாரின் எதிர்பார்ப்பு. 1909 ஜனவரியில் எவர்ஷெட் ஒரு புள்ளியின் நிறமாலையை ஆராய்ந்தபோது சுழற்சி தெரியவில்லை. புள்ளியின் கரு மையத்தைச் சூழ்ந்த அரைநிழல் பகுதியில் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கி, செக்கனுக்கு ஏறத்தாழ 2 கிலோமீற்றர் வேகத்தில், மேற்பரப்புக்குச் சமாந்தரமாக வழிந்தது. இது எவர்ஷெட் விளைவு எனப் பெயர் பெற்றது. இதற்கு நிறைவான விளக்கம் கிடைக்க நூறு ஆண்டுகளுக்கு அருகில் ஆயிற்று. ஜப்பானின் ஹினோடே விண்கலம் 2006 முதல் அனுப்பிய நுண்ணிய படங்களும் கணினிப் போலச்செய்முறைகளும் வந்த பிறகே, சாய்ந்த காந்தப்புலத்தின் வழியே வெப்ப வாயு எழுந்து திருப்பப்படும் விதம் தெளிவாகியது. எவர்ஷெட்டின் மனைவி மேரி அதே மலையில் தீக்கொழுந்துகளின் வடிவங்களை ஆராய்ந்தவர். அவருடைய உழைப்பு கணவரின் பெயருக்குள் மறைந்துபோனது நியாயமில்லை.

தட்டுகளை எடுத்த உள்ளூர் ஊழியர்களின் பங்கும் அப்படியே. மேகம் வருமுன் கருவியைத் திறப்பது, கண்ணாடியைச் சூரியனுக்குத் திருப்புவது, இருட்டறையில் தட்டைக் கழுவுவது, நேரம் எழுதி வைப்பது என்று ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறையினர் இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். ஒருவர் ஓய்வுபெற அடுத்தவர் ஏற்றார். போர்க்காலத்திலும் விடுதலைக்குப் பிறகும் தொடர் அறவில்லை. வானியல் நூல்களின் அட்டவணையில் இவர்களுக்கு இடம் கிடையாது. ஆனால் அந்தத் தொடர் இல்லையென்றால் பின்னால் சொல்லப்போகும் எந்த ஆய்வும் இல்லை.

1960இல் வைணு பாப்பு தலைவரானார். அவர் வருகையோடு அந்தக் கல்சியக் கோடு சூரியனிலிருந்து விண்மீன்களுக்குப் பரந்தது. அமெரிக்காவில் இருந்தபோது ஒலின் வில்சனுடன் சேர்ந்து 1957இல் அவர் வெளியிட்ட முடிவு எளிமையானது. குளிர்ந்த விண்மீன்களின் கல்சியக் கோட்டின் நடுவே தெரியும் ஒளிர்வு எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கு அந்த விண்மீன் உண்மையில் பிரகாசமானது. உண்மைப் பிரகாசம் தெரிந்தால், பூமியிலிருந்து தெரியும் மங்கலைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடலாம். தூரம் தெரிந்தால்தான் நமது பால்வீதி மண்டலத்தின் அமைப்பையும் அதற்கப்பாலான மண்டலங்களையும் பேச முடியும். வில்சன் 1966இல் மவுண்ட் வில்சனில் சூரியனை ஒத்த விண்மீன்களின் கல்சியக் கோட்டை ஆண்டுக்கணக்கில் அளக்கத் தொடங்கினார். அவற்றில் பலவற்றுக்கும் சூரியனைப் போலவே ஏறி இறங்கும் சுழற்சி உண்டென்று தெரிந்தது. சூரியனும் விண்மீன்களில் ஒன்றுதான் என்பது இப்படி அளவீடாகியது.

கொடைக்கானலின் இரவு வானம் விண்மீன் ஆய்வுக்குப் போதாது என்று கண்ட பாப்பு, 1968இல் ஜவ்வாது மலையின் காவலூரில் புதிய நிலையத்தைத் தொடங்கினார். 2.34 மீற்றர் தொலைகாட்டி அங்கே 1986இல் செயற்பாட்டுக்கு வந்தது. அதைக் காண அவர் உயிரோடு இல்லை, 1982இலேயே மறைந்துவிட்டார். அந்த நிலையம் இன்று அவர் பெயரால் வழங்குகிறது. 1971இல் கொடைக்கானல் வானிலைத் துறையிலிருந்து பிரிந்து இந்திய வான்பௌதிக நிறுவனமானது. பஞ்சத்தால் பிறந்த உறவு அங்கே முறைப்படி முடிந்தது.

மழைக் கேள்விக்கு வந்த விடை

விடை வேறு திசையிலிருந்து வந்தது. 1904 முதல் 1924 வரை இந்தியாவின் அவதான நிலையங்களுக்கெல்லாம் தலைவராக இருந்த கணிதர் கில்பர்ட் வோக்கர், கொடைக்கானலுக்கும் மேலதிகாரி. சூரியப் புள்ளிக்கும் மழைக்கும் உள்ள தொடர்பை அவர் புள்ளிவிபர முறையில் சோதித்தார். நம்பத்தக்க உறவு கிடைக்கவில்லை. அதே சலியாத கணக்கில் பசிபிக் சமுத்திரத்தின் புறத்திலும் இந்து சமுத்திரத்தின் புறத்திலும் காற்றழுத்தம் எதிரெதிராக ஏறி இறங்குவதைக் கண்டார். அதுவே தென் அலைவு. எல் நினோவுடன் அது ஒன்றிணைந்த ஒரே நிகழ்வு என்பது பின்னர் தெளிவானது.

2018இல் வெளியான ஒரு காலநிலை ஆய்வு 1876–78 பஞ்சத்தை மறுபடி எடுத்துப் பார்த்தது. வரலாற்றின் மிக வலுவான எல் நினோக்களில் ஒன்று, இந்து சமுத்திரத்தின் கிழக்கு மேற்கு வெப்ப வேறுபாடு, அத்திலாந்திக் சமுத்திரத்தின் அளவு கடந்த வெப்பம் ஆகிய மூன்றும் ஒன்றுகூடியே இந்தியாவிலும் சீனாவிலும் பிரேசிலிலும் ஒரே நேரத்தில் வறட்சி விளைந்தது என்பது அதன் முடிவு. செயற்கைக்கோள் அளவீடுகளின்படி ஒரு சுழற்சிக்குள் சூரிய ஒளியாற்றல் மாறுவது ஏறத்தாழ 0.1 வீதம் மட்டுமே. நம் முன்னோரைக் கடலுக்கு அப்பால் தள்ளிய வறட்சியைச் சூரியப் புள்ளியின் கணக்கில் எழுத இன்று இடமில்லை.

தட்டுகள் இன்று சொல்வது

அப்படியானால் அந்தக் கண்ணாடித் தட்டுகளால் என்ன பயன்? சூரியப் புள்ளிகள் பெரும்பாலும் சோடியாகத் தோன்றும், சோடியின் அச்சு நடுக்கோட்டுக்குச் சற்றுச் சாய்ந்திருக்கும். புள்ளிகள் சிதையும்போது பின்தங்கிய பகுதியின் காந்தப்புலம் மெல்ல நகர்ந்து சூரியனின் துருவங்களில் சேரும். சுழற்சி அடங்கிய ஆண்டுகளில் துருவத்தில் எவ்வளவு காந்தப்புலம் திரண்டிருக்கிறதோ, அதுவே அடுத்த சுழற்சியின் வலிமையைத் தீர்மானிக்கிறது என்பது இன்று பெரும்பாலானோர் ஏற்கும் கருத்து. ஆனால் துருவப் புலத்தை நேரடியாக அளக்கத் தொடங்கியது 1970களின் நடுப்பகுதியில்தான். நான்கைந்து சுழற்சிகளின் தரவை வைத்து ஒரு விதியை உறுதிசெய்ய முடியாது.

இந்தக் குறையை நிரப்பியது கொடைக்கானல். 1906 முதல் 1987 வரையான தட்டுகளில் புள்ளிகளின் இடத்தையும் சாய்வையும் சிவராமன், குப்தா, ஹவார்ட் ஆகியோர் மவுண்ட் வில்சன் தட்டுகளோடு ஒப்பிட்டு அளந்தார்கள். பின்னர் தட்டுகள் உயர் நுண்மையில் டிஜிட்டல் வடிவுக்கு மாற்றப்பட்டன. துருவத்தை அண்டிய சிறு வெண்திட்டுகளைக் கல்சியப் படங்களில் எண்ணி, துருவப் புலத்தின் வலிமையை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பின்னோக்கிக் கணிக்க முடியும் என்று பிரியாள், பானர்ஜி முதலானோர் 2014இல் காட்டினர். யாரும் அளக்காத காந்தப்புலத்தை, யாரோ எடுத்துவைத்த ஒளிப்படத்திலிருந்து மீட்டிருக்கிறார்கள். இந்திய வானியலின் அண்மைக்காலச் சாதனைகளில் நான் மிக உயர்வாக மதிப்பது இதையே.

முன்கணிப்பின் அருமை 25ஆம் சுழற்சியில் தெரிந்தது. 2019 டிசம்பரில் அது தொடங்கியது. 2025 ஜூலையில், புள்ளி எண் 115 அளவில் உச்சம் வரும் என்று அமெரிக்க அரசின் குழு அறிவித்தது. நடந்தது வேறு. 2024 ஒக்டோபரிலேயே, 160ஐ அண்டிய உச்சம் பதிவாகியது. 24ஐ விட 25 சற்று வலுவாக இருக்கும், 2024ஐ ஒட்டி உச்சம் வரும் என்று கொல்கத்தாவின் பௌமிக், நந்தி இருவரும் 2018இல் வெளியிட்ட கணிப்பு உண்மைக்கு நெருங்கியிருந்தது. 2024 மே 10, 11இல் 2003க்குப் பின் வந்த மிகப் பெரிய காந்தப் புயல் பூமியைத் தாக்கியது. லடாக்கின் ஹன்லே வானத்தில் செந்நிற ஒளி படர்ந்தது.

அந்தப் புயலின்போது ஆதித்யா எல்1 விண்கலமும் பணியில் இருந்தது. 2023 செப்டெம்பர் 2இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, 2024 ஜனவரி 6இல் பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவிலுள்ள தன் இடத்தைச் சேர்ந்தது அது. திட்டப் பணிப்பாளர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். சூரிய ஒளிவட்டத்தை ஆராயும் அதன் முதன்மைக் கருவியைச் செய்தது கொடைக்கானலின் வாரிசான அதே இந்திய வான்பௌதிக நிறுவனம். அமெரிக்காவின் பார்க்கர் கலம் 2024 டிசம்பர் 24இல் சூரிய மேற்பரப்புக்கு 61 இலட்சம் கிலோமீற்றர் வரை நெருங்கியது. இந்தக் கலங்களின் ஆயுள் சில ஆண்டுகள். நூற்றாண்டு அளவில் நடக்கும் மாற்றத்தைக் காண மலைமேல் அடுக்கிய தட்டுகளைத்தான் நாட வேண்டும்.

இலங்கையின் மலைகள்

இலங்கைக்கும் கிரகண நிழல்கள் வந்துபோயின. 1955 ஜூன் 20 கிரகணம் 20ஆம் நூற்றாண்டிலேயே மிக நீண்டது, அதன் உச்ச நேரம் 7 நிமிடம் 8 செக்கன். ஹிங்குராக்கொடைப் பக்கம் வெளிநாட்டுக் குழுக்கள் கூடின, ஆனால் மேகம் பெரும்பாலோரை ஏமாற்றியது. வசம்பு குடித்தால் நிறம் வெளுக்கும் என்ற வதந்தியால் அன்று பலர் வைத்தியசாலைக்குப் போனதுதான் மக்கள் நினைவில் மிஞ்சியது. 1996இல் ஜப்பானின் உதவியால் மொறட்டுவையில் ஆதர் சி. கிளார்க் நிறுவனத்துக்கு 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி கிடைத்தது. கரையோர மேகமும் நகர வெளிச்சமும் சூழ்ந்த இடம் அது.

கொடைக்கானலுக்குத் தென்மேற்குப் பருவ மாதங்கள் கெட்ட காலம். அதே மாதங்களில் ஊவா மழைமறைவில் வறண்டு கிடக்கும், வெலிமடை வானம் திறந்திருக்கும். ஊவாவின் பெருமழை ஒக்டோபருக்குப் பிறகுதான். கொடைக்கானலின் தொடரில் விழும் பருவகால இடைவெளிகளை நிரப்ப ஊவா மலையில் ஒரு சிறிய சூரியத் தொலைகாட்டி உதவுமா என்பது சோதிக்க வேண்டிய கேள்வி. அப்பருவத்தின் பலத்த காற்று விம்பத்தை அலையவைக்கும் என்பதையும் அந்தச் சோதனையில் அளக்க வேண்டும்.

அதற்கும் முன்பே செய்யக்கூடிய வேலை ஒன்றிருக்கிறது. கொடைக்கானலில் சூரியனைப் பதிந்துகொண்டிருந்த அதே பத்தாண்டுகளில் இங்கே தோட்டங்களில் மழைமானி வைத்துத் தினந்தோறும் மழை அளந்து பதிவேட்டில் எழுதினார்கள். இந்நாட்டின் பழைய மழைத் தரவில் நல்ல பங்கு அப்படி வந்தது. சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பிறகு எத்தனையோ குடும்பங்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, சிலர் கொடைக்கானல் மலையிலேயே குடியேறினார்கள். 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாகின, 1992இல் நிர்வாகம் மறுபடி கைமாறியது. இத்தனை மாற்றங்களுக்கிடையே கறையானுக்குத் தப்பிய பதிவேடுகள் தோட்ட அலுவலகங்களில் இன்னும் கிடக்கக்கூடும். எல் நினோ ஆண்டுகளில் ஊவாவின் ஆண்டிறுதி மழை எப்படி மாறியது, சூரியச் சுழற்சிக்கு அதில் ஏதேனும் மிச்சப் பங்குண்டா என்று 1877இன் கேள்வியை மலையின் மறுபக்கத்திலிருந்து சோதிக்க அவை உதவும். பதுளையில் உள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழக மாணவர்கள் இதை எடுத்துச் செய்யலாம். எண்களை மட்டும் தட்டச்சு செய்தால் போதாது. மழைமானி இடம் மாறிய நாள், அளந்த வேளை, விடுபட்ட நாட்களுக்கு ஓரத்தில் எழுதிய காரணம் எல்லாவற்றோடும் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுக்க வேண்டும். கொடைக்கானலில் சில தட்டுகளின் நேரக் குறிப்பும் திசைக் குறிப்பும் பிழைபட்டிருந்ததால் டிஜிட்டல் படங்களைத் திருத்துவதற்கே ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் செலவிட நேர்ந்தது.